ஜெனரேட்டரும் லைன்மேன் உயிரும்



2012-ஆம் ஆண்டு மின்வெட்டை உடுமலைப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோழிப் பண்ணைக்கும் வீட்டுக்குமாகப் பலர் அப்போது சின்ன ஜெனரேட்டர் வாங்கினார்கள். இன்றும் காற்றடித்து லைன் அறுந்தால் அதுதான் கை கொடுக்கிறது. அதை வீட்டு லைனில் சேர்க்கும் முறையில்தான் ஆபத்து இருக்குதுங்க.

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரைச் சிலர் சுவர் பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். மெயின் போட்டிருந்தால், அந்த 230 வோல்ட் மீட்டர் வழியே வெளியேறி டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், இதைத் திருப்பி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடக்கூடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கதி என்ன? ஜெனரேட்டர் ஓடும்போதே கரண்ட் வந்தால் அதுவும் கருகிவிடும்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானுங்க போடறேன்" என்பீர்கள். ஒருநாள் மறந்தால்? அந்த மறதிக்கு இடம் தராததுதான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் லைன், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒருசேரச் சேராது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு, பேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற சுவிட்சாக வாங்குங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்தே மாட்டுங்கள். எர்த்தும் போடச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, ஜன்னலோரமோ ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை அப்படியே கொன்றுவிடும்.

கம்பத்தில் ஏறுகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானுங்க.