அஞ்சல் துறை வளர்ந்த வரலாறு



கருமத்தம்பட்டியில் நீங்கள் ஓர் அஞ்சலட்டை எழுதிச் சிவப்புப் பெட்டியில் இடுகிறீர்கள். அது பக்கத்திலுள்ள சோமனூருக்குப் போவதாயினும் சரி, பனிமலை சூழ்ந்த லடாக்கிற்குப் போவதாயினும் சரி, அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒன்றே. பேருந்தில் தொலைவுக்கேற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். சரக்கு லாரியிலும் அப்படியே. அஞ்சல் அலுவலகத்தில் மட்டும் ஏன் அவ்வாறு வாங்குவதில்லை? இச்சிறு வினாவுக்கு விடை தேடினால், நம் நாட்டு அஞ்சல் துறைக்குத் தலைமை அலுவலகம் ஒன்று தோன்றி வளர்ந்த வரலாறு தானே விளங்கும்.

பண்டைக் காலத்தில் அஞ்சல் அரசனுக்கே உரியதாயிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூரை ஆண்ட சிக்கதேவராயர் ‘அஞ்செ’ என்னும் அஞ்சல் முறையை ஏற்படுத்தினார். நம் கொங்கு நாட்டின் பெரும்பகுதி அக்காலத்தில் மைசூரின் ஆட்சிக்கு உட்பட்டது. அஞ்செ அலுவலர்கள் ஓலைகளைக் கொண்டு சென்றதோடு நில்லாமல், அந்தந்த ஊரில் நடப்பனவற்றை அரசருக்கு அறிவிக்கும் ஒற்றர்களாகவும் விளங்கினர். அஃதாவது, அஞ்சல் அரசனின் செவியாக இருந்தது. குடிமக்களின் கையாக இருக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அஞ்சலும் தொடக்கத்தில் கம்பெனியின் காரியங்களுக்காகவே ஓடியது. 1774ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவில் அதனைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார். சென்னையில் 1786ஆம் ஆண்டில் தலைமை அஞ்சல் அலுவலகம் தோன்றியது. ஆயினும் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்கள் தத்தம் அஞ்சலைத் தாமே நடத்திவந்தன. 1837ஆம் ஆண்டுச் சட்டம் கடிதம் கொண்டுசெல்லும் உரிமையை அரசுக்கே உரியதாக்கிற்று; கட்டணமோ தொலைவையும் எடையையும் பொறுத்தே இருந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் ஆயிற்று. தோலா என்பது ஏறத்தாழப் பன்னிரண்டு கிராம். அக்காலத்து ஒரு ரூபாய், கூலியாள் ஒருவரின் பல நாள் ஊதியம். ஏழை எங்ஙனம் கடிதம் எழுதுவான்?

இதே வினாவை இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பவர் எழுப்பினார். அவர் தொழிலால் ஓர் ஆசிரியர் என்பதை மகிழ்வோடு கூறிக்கொள்கிறேன். அஞ்சலுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, கடிதத்தை வாங்குவது, பிரிப்பது, வீட்டில் சேர்ப்பது ஆகியவற்றிற்கே பெருஞ்செலவு ஆகிறது என்று கண்டார். நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஒரே பையில் செல்லும்போது, ஒரு கடிதத்தின் பயணத்திற்கு ஆகும் செலவு மிக அற்பமே. ஆகவே, தொலைவு எதுவாயினும் ஒரே கட்டணம் போதும் என்று 1837ஆம் ஆண்டில் எழுதினார். 1840இல் அங்கே ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 1850ஆம் ஆண்டில் அமைந்த குழு இக்கருத்தை ஏற்றது. ஆனால் மாகாணத்திற்கு ஒரு நிர்வாகம் இருக்கையில் நாடு முழுவதற்கும் ஒரே விலை எப்படி இயலும்? நகரத்தில் கிடைக்கும் வருவாய் சிற்றூரில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வேண்டுமாயின், பணப்பெட்டி ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாளரும் ஒருவராக இருக்க வேண்டும். எனவே 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘டைரக்டர் ஜெனரல்’ என்னும் தலைமை இயக்குநர் பதவி உருவாயிற்று. ரிட்டெல் என்பவர் முதல் தலைமை இயக்குநர் ஆனார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, கால் தோலா எடைக் கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் அரை அணாவுக்குச் சென்றது. ஒரே விலை வேண்டுமென்றே ஒரே அலுவலகம் பிறந்தது. இதுவே நம் முதல் வினாவுக்கு விடை.

பிறகு அத்துறையின் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. 1879இல் காலணா அஞ்சலட்டை, 1880இல் மணியார்டர், 1882இல் சேமிப்பு வங்கி, 1884இல் ஆயுள் காப்பீடு என வந்தன. 1914இல் தந்தித் துறையும் இதனோடு இணைந்தது. 1934இல் குருநாத் வெங்கடேஷ் பேவூர் இப்பதவிக்கு வந்த முதல் இந்தியரானார். 1959இல் தலைமை இயக்குநருக்குத் துணையாக ஒரு வாரியம் அமைந்தது. 1972ஆம் ஆண்டு சுதந்திர நாளில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. நம் பகுதியின் எண் 641 என்று தொடங்குவதை அறிவீர்கள். 1985இல் தொலைத்தொடர்பு தனித் துறையாகப் பிரிந்தது. 1854இல் 701 ஆக இருந்த அஞ்சல் அலுவலகங்கள், 1947இல் 23,344 ஆயின. இன்று 1,60,000க்கு மேல் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு சிற்றூர்களில் இருப்பவை.

விலையில் சமம் வந்தது. ஆனால் அரசனின் செவி முற்றும் மறைந்ததா? 1898ஆம் ஆண்டுச் சட்டம், பொது நெருக்கடியிலும் பொதுப் பாதுகாப்பின் பொருட்டும் கடிதங்களைத் தடுத்து நிறுத்த அரசுக்கு இடந்தந்தது. 1986இல் அவ்வதிகாரத்தை விரிவாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அது சட்டமாகாமலே போயிற்று. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும், நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகத் தடுத்துப் பார்க்கும் விதி இருக்கிறது. நாட்டின் காவலும் வேண்டும். ஒட்டிய உறையின் மதிப்பும் குலையக் கூடாது. இவ்விரண்டிற்கும் எல்லை எங்கே என்பதை நாளைய குடிமக்களாகிய நீங்கள் சிந்திக்க வேண்டும்.

எனக்கு அந்த எல்லையைக் கற்பித்தது சட்டநூலன்று. நான் சிறுவனாய்ப் படித்த சிற்றூரில் பள்ளி ஆசிரியரே கிளை அஞ்சலகத்தையும் நடத்திவந்தார். பட்டாளத்திலிருந்த மகனின் கடிதத்துக்காக மூதாட்டி ஒருவர் நாள்தோறும் பள்ளித் திண்ணைக்கு வருவார். “வாத்தியாரய்யா, கடுதாசி வந்திருக்குதுங்களா?” என்று கேட்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் கடிதம் வந்தது. ஆசிரியர் எங்களையெல்லாம் வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார். பிறகு உறையை அந்த அம்மையாரின் கையில் கொடுத்து, அவரையே கிழிக்கச் செய்து, அவர் காதுக்கு மட்டும் கேட்குமாறு மெல்லப் படித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுள் ஒருவன் கேட்டதற்கு, “அது உன் பேருக்கு வரலையே, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

தலைநகரில் அமர்ந்திருக்கும் தலைமை இயக்குநரின் கடமை முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கியிருந்தது என்பதை, நானும் ஆசிரியனான பிறகே உணர்ந்தேன். தொலைவில் இருப்பவன் என்பதற்காக ஒருவனிடம் மிகுதியாக வாங்காதே. எளியவன் என்பதற்காக அவன் கடிதத்தைத் திறவாதே. இவ்விரு நெறிகளும் நிற்கும் வரையில் அஞ்சல் துறை மக்களின் கையாக விளங்கும்.

இன்று செய்தி நொடியில் பறக்கிறது. தந்தி 2013ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டது. ஆயினும் இவ்வாரம் உங்கள் ஊர் அஞ்சலகத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். தொலைவிலுள்ள ஓர் உறவினருக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். அந்தச் சிறு விலையின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருப்பதை நினைவிற் கொள்ளுங்கள்.