அலமாரியிலிருந்து வந்த மார்ஜரி

இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு செய்கிறவர்கள் ஆதாரங்களை எங்கே தேடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அக்காலத்து மார்ஜரி கெம்ப் என்ற பெண்மணியிடமிருந்து தொடங்குகிறேன்.

என்னிடம் ஆய்வுக்கு வந்த மாணவி ஒருத்தி மார்ஜரியைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்தாள். தேவாலயச் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் ஆயுள் முழுக்க அடைந்திருந்து ஜெபித்த துறவி என்று அதில் இருந்தது. "எங்கேம்மா படிச்சே?" என்றேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகம் ஒன்றைக் காட்டினாள்.

அந்த நூலாசிரியர் மேல் குற்றமில்லை. 1501இல் விங்கின் டி வொர்ட் என்ற அச்சகர் மார்ஜரியின் நூலிலிருந்து சில பக்கங்களை மட்டும் எடுத்து அச்சிட்டார். 1521இல் அதை மறுபடி அச்சிட்ட பெப்வெல், மார்ஜரியை அறைக்குள் வாழ்ந்த துறவி என்று போட்டுவிட்டார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக்குத் தெரிந்த மார்ஜரி அவ்வளவுதான்.

பிறகு 1934 வந்தது. இங்கிலாந்தில் பட்லர் பௌடன் குடும்பத்தார் வீட்டில், மேசைப்பந்து தேடி அலமாரியைத் திறந்தபோது பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்ததாகச் சொல்வார்கள். அது யாருடையது என்று கண்டுசொன்னவர் ஆய்வாளர் ஹோப் எமிலி ஆலன். முழு நூல்! மார்ஜரி லின் என்ற துறைமுக நகரத்துக்காரர், பதினான்கு பிள்ளைகள் பெற்றவர், ஜெருசலேம் வரை போய்வந்தவர், போன இடமெல்லாம் கதறி அழுது உடன் வந்தவர்களைத் திணறடித்தவர். தாமே எழுதாமல், பிறரை எழுதச் சொல்லித் தம் கதையைச் சொன்னவர். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பெண்மணி இவர்.

ஆகவே நேயர்களே, எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி காப்புரிமை தீர்ந்த பழைய நூல்கள். 1864இல் ஃபர்னிவால் தொடங்கிய ஆரம்பகால ஆங்கில நூல் கழகத்தின் பழைய பதிப்புகளும் அப்படித்தான் கிடைக்கின்றன. மூலபாடத்துக்கு அவை பொக்கிஷம். ஆனால் அவற்றின் முன்னுரையை மட்டும் நம்பி முடிவு எழுதாதீர்கள். அதே கழகம் 1940இல் வெளியிட்ட மார்ஜரி பதிப்பின் குறிப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள்.

காசில்லாமல் புதியதும் உண்டு. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டீம்ஸ் நூல் வரிசையில் லின் ஸ்டேலி 1996இல் பதிப்பித்த மார்ஜரி நூல் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் பார்க்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி. அண்மைக் கட்டுரைகளுக்கு லீட்ஸ் நகரிலிருந்து வரும் பன்னாட்டு இடைக்கால நூலடைவு, ஸ்பெக்குலம் இதழ். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டுக்கும் கட்டணம் உண்டு, கல்லூரி நூலகரைக் கேளுங்கள், வழி சொல்வார்.

அந்த மாணவி ஸ்டேலியின் பதிப்பை முழுக்கப் படித்துவிட்டுக் கட்டுரையைப் புதிதாக எழுதினாள். நேரம் முடிகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவராவது இந்த வாரம் மார்ஜரியைத் திறந்து படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.