சுமையின் அளவை யார் நிர்ணயிப்பது?

(கிள்ளானில் நடைபெற்ற தோட்டக் குடும்ப இளைஞர் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

ரப்பர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிடங்கு வேலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பால்மரம் வெட்டியவர்கள். பின்னால் நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஷா ஆலாமிலும் பூலாவ் இண்டாவிலும் கிடங்குகளில் சிப்பம் தூக்குகிறவர்கள். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறிவிட்டது. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த நிலத்தில் வீடுகளும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. மரம் போயிற்று, லயம் போயிற்று. ஆனால் தோளில் ஏறிய சுமை மட்டும் இறங்கவில்லை. ஆகவே இது நம்முடைய விஷயந்தான்.

ஆங்கிலத்தில் 'கொடோன்' என்கிறார்களே, அந்தச் சொல் மலாய் 'கூடாங்' வழியாக நமது 'கிடங்கு' என்ற சொல்லிலிருந்து போனது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். இன்னொரு சொல்லும் உண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் இந்நாட்டில் சரக்கை 'பிக்குல்' கணக்கில் நிறுத்தார்கள். ஒரு பிக்குல் என்பது 60 கிலோவுக்குச் சற்று அதிகம். மலாய் மொழியில் 'பிக்குல்' என்றால் தோளில் சுமப்பது என்று பொருள். ஒரு மனிதன் தோளில் எவ்வளவு சுமப்பான் என்பதே அளவாகிவிட்டது! தராசுக்கே நம் தோள்தான் படிக்கல்லாக இருந்தது. அந்தப் படிக்கல்லைப் பார்த்து "உனக்கு வலிக்கிறதா?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

1901-ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதைத்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம். 1963 வரை அதை நடத்தியது மலாயா ரயில்வே. அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் அவ்வளவு உறவு இருந்தது. தோட்டத்தில் வெட்டிய பால் ஷீட்டாகிப் புகைக்கூடம் ஏறிப் பேலாகக் கட்டப்பட்டு, அந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஷீட் ரப்பர் பேல் ஒன்று சுமார் 111 கிலோ; ஒன்பது பேல் சேர்ந்தால் ஒரு டன். அதைப் புரட்டியும் உருட்டியும் கொக்கி போட்டு இழுத்தும் ஏற்றிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன.

இப்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். 1965-இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது. அதில் ரப்பரைச் சிறு கட்டியாக அழுத்தி, ஒவ்வொன்றும் 33⅓ கிலோ என்று வகுத்தார்கள். முப்பது கட்டி ஒரு டன். அதே ரப்பர்தான், அதே மரந்தான். 111 கிலோ எப்படி 33 கிலோவாயிற்று? வியாபாரத்துக்கும் ஆலைக்கும் அந்த அளவு வசதியாயிருந்தது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிர்ணயித்தார்கள், மாறிவிட்டது. ஆகவே மூட்டையின் எடை ஆண்டவன் எழுதிய எழுத்தாக இருக்க முடியாது. மனிதர் நிர்ணயிப்பது அது. மனிதர் மாற்றவும் கூடும். இன்று உங்களிடம் சொல்ல வந்த சேதி இதுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

1970-களில் கொள்கலன் வந்தது. பாரந்தூக்கிகளின் கஷ்டம் தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள். துறைமுகத்தில் தீர்ந்ததென்னவோ உண்மைதான். பாரந்தூக்கி யந்திரம் முழுக் கொள்கலனையும் ஒரே மூச்சில் தூக்குகிறது. ஆனால் அந்தக் கொள்கலன் கிடங்கு வாசலுக்கு வந்து கதவு திறந்தவுடன் உள்ளே போகிறவர் யார்? வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் இறங்கி, தரையிலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் சிப்பங்களை ஒவ்வொன்றாக எடுப்பவர் யார்? நம் பிள்ளைகள், அவர்களோடு நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்கள். வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் சாமான் வாங்கும் பழக்கம் பெருகப் பெருக, அந்தச் சிப்பங்களும் மலைபோல் பெருகிவிட்டன.

"பெட்டி சின்னதுதானே, எட்டுக் கிலோ பெரிய பாரமா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிப்பம் ஒன்று 8 கிலோ, நிமிடத்துக்கு 6 சிப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 360 சிப்பம், 2,880 கிலோ. ஏழு மணி நேரத்தில் 20 டன்னுக்கு மேல்! பாட்டன் பெரிய மூட்டையைச் சில நூறு தடவை தூக்கினான். பேரன் சிறிய பெட்டியைச் சில ஆயிரம் தடவை தூக்குகிறான். முதுகெலும்பு இரண்டையும் கூட்டித்தான் கணக்கு வைக்கிறது.

பால் வெட்டிய தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காண்டா கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கும்போது பாரம் சமமாக நிற்கும், தோள் தாங்கும். ஒரு பக்கத்து வாளியை மட்டும் மாட்டிவிட்டு நடக்கச் சொன்னால் என்ன ஆகும்? கம்பு சாயாதபடி மறுமுனையை முழு பலத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும் அல்லவா? பெட்டியைக் கைநீட்டிப் பிடிக்கிறவன் கதை அதுதான். உடம்புக்கு முன்னால் ஒன்றரை அடி தூரத்தில் பாரம் இருக்கிறது. அதற்கு எதிராக இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசையோ முதுகெலும்புக்குப் பின்னால் இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. ஆகவே 10 கிலோ பெட்டிக்கு ஏறக்குறைய 90 கிலோ பலத்தோடு அந்தத் தசை இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்த உடம்பின் பாரம் வேறு. அந்த நசுக்கலையெல்லாம் தாங்குவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டுகள். குனிந்தபடியே திரும்பித் தூக்கினால் அந்த வட்டு இன்னும் பாடுபடும். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி இடுப்பிலிருந்து கால்வரை ஓடும்.

சர்க்கார் இதை அறியாமலில்லை. தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகா வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. உடம்பை ஒட்டிப் பிடித்து, முழங்கைக்கும் தொங்கும் கைமுட்டிக்கும் இடையிலான உயரத்தில் தூக்கினால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்பது அதன் அளவு. தரையிலிருந்து தூக்கினால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 7 தான். எப்போதாவது தூக்கினால்தான் இந்த அளவு. நிமிடத்துக்கு 5 முதல் 8 தடவை தூக்கினால் பாதியாகக் குறைக்க வேண்டும். 12 தடவைக்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். முழுதாகப் பக்கவாட்டில் திரும்பித் தூக்கினால் மேலும் 20 சதவீதம் குறைய வேண்டும். அப்படியானால் நான் சொன்ன நிமிடத்துக்கு 6 சிப்பம் கணக்கில், தரையிலிருந்து எடுக்கும் ஆண் தொழிலாளிக்கு உரிய அளவு 5 கிலோ! இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1967-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், ஆண் தொழிலாளி தூக்கும் ஒற்றைச் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சிபார்சு செய்தது. அன்று அதுவே பெரிய வெற்றி. அறிவு வளர வளர அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தமக்கை மகன், வயது 27. ஒரு சிப்பக் கிடங்கில் இரவு வேலை. கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரு நாள் கொள்கலனின் அடியில் கிடந்த பெட்டியைக் குனிந்து இழுத்துத் திரும்பியிருக்கிறான். முதுகில் 'சுருக்' என்றது. கூட்டாளி தைலம் தேய்த்துவிட்டான். மேலாள், "நாளைக்குச் சரியாகிவிடும்" என்றார். இவனும் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று எழுதிக் கொடுக்காமல் மூன்று வாரம் வேலைக்குப் போனான். பிறகு கால் மரத்துப் போயிற்று. வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நஷ்டஈடு கேட்கப் போனபோது, "எந்தத் தேதி? யார் பார்த்தது? எங்கே பதிவு?" என்ற கேள்விகள்தான் மிச்சம். மாதக்கணக்கில் அலைந்தோம். இன்றைக்கும் தன் பிள்ளையைத் தரையிலிருந்து தூக்க அவனால் முடியாது. பிள்ளைதான் நாற்காலியில் ஏறி நின்று அவன் தோளுக்கு வருகிறது.

அவனைக் கோபித்துக்கொண்டேன். அவன் சொன்னான்: "மாமா, அந்தப் பெட்டிமேல் எடை எழுதியிருந்தால் நான் இன்னொரு ஆளைக் கூப்பிட்டிருப்பேன்." நான் வாயடைத்துப் போனேன். எடையை எழுத எத்தனை காசு செலவாகும், தோழர்களே?

ஆகவே இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். வேலையில் வலி கண்டால் அன்றைக்கே மேலாளிடம் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், பார்த்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில், "வேலையிடத்தில் பாரம் தூக்கும்போது வந்தது" என்று பதியச் சொல்லுங்கள். விபத்தை அறிந்த முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு அதன்கீழ் உண்டு. பக்கத்தில் நிற்கும் நேப்பாளத் தோழனுக்கும் இதைச் சொல்லுங்கள். நம் பாட்டன்மாரும் அவனைப்போலக் கப்பலேறி வந்தவர்களே. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரந்தான் சாதாரண வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரைமணி ஓய்வு தர வேண்டும். அந்த அரைமணியை விட்டுக்கொடுத்து வீரம் காட்டாதீர்கள்.

முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடி என்று சுவரில் படம் ஒட்டியிருப்பார்கள். நல்ல புத்திமதிதான், கேளுங்கள். ஆனால் நிமிடத்துக்குப் பத்துப் பெட்டி வரும் இடத்தில் முழங்காலை மடக்க நேரம் ஏது? படத்தோடு கூடவே வேறு சிலவும் வேண்டும். பெட்டிமேல் எடை எழுதியிருக்க வேண்டும். கனத்த பெட்டிக்கு இரண்டு ஆள், அல்லது தள்ளுவண்டி வேண்டும். சரக்கு தரையில் கிடக்காமல் இடுப்புயர மேடையில் நிற்க வேண்டும். கொள்கலனுக்குள் ஆள் மாற்றி மாற்றி இறங்க வேண்டும். காற்றும் குடிதண்ணீரும் வேண்டும். நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்தக் குழுவில் தொழிலாளர் தரப்பும் உட்கார வேண்டும். காலி நாற்காலியைப் பார்த்துக் குறை சொல்வதைவிட அதில் போய் உட்காருங்கள்!

"கேட்டால் கிடைக்குமா?" என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்தக் கிள்ளான் மண்ணே பதில் சொல்லும். 1941-இல் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கியால் அடக்கினார்கள், உயிர்ப்பலி நேர்ந்தது. ஆனால் இன்று யாராவது துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்குகிறோமா? அந்த வழக்கம் எங்கே போயிற்று? மாற்றவே முடியாது என்ற வழக்கத்தை மாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள்.

நம் தோளை வைத்து ஒரு காலத்தில் எடையை அளந்தார்கள். இனி எடையை அளந்து, அதன்பிறகே நம் தோளில் வைக்கட்டும். அதைக் கேட்க நாளைக் காலை வேலைக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.