பிழையைப் படித்தல்: பழைய யூனிக்ஸ் முனையம் கற்பித்த பாடம்



மொழியியல் படித்தவன் கணினிக் கம்பியைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் எண்ணக்கூடும். 1990களின் இறுதியில் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் நான் சொல் தொகுப்புப் பணியில் இருந்தேன். எங்கள் தரவுகள் அனைத்தும் ஒரு பழைய யூனிக்ஸ் கணினியில் இருந்தன. திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையத்தைத் தொடர்நிலைக் கம்பியால் அதனோடு இணைத்தே வேலை செய்யவேண்டும். இணைப்புப் பழுதானால் சரிசெய்யும் பொறுப்பு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்த இணைப்பு ஆர்எஸ்-232 என்னும் தரத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1960இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட தரம் அது. அதில் ஒவ்வோர் எழுத்தும் பிட் பிட்டாக ஒரே கம்பியில் வரிசையாகச் செல்லும். தொடக்கத்தைக் காட்ட ஒரு பிட், முடிவைக் காட்ட ஒரு பிட், நடுவில் எட்டு பிட் என்று கொண்டால் ஓர் எழுத்துக்குப் பத்து பிட் ஆகிறது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும். ஆனால், என்ன வேகம், எத்தனை பிட் என்பதைக் கம்பி அறிவிப்பதில்லை. இரு முனைகளும் முன்னரே அவற்றில் உடன்பட்டிருக்கவேண்டும். பேசுவோனும் கேட்போனும் ஒரே மரபில் நிற்கவேண்டும் என்று மொழியியலில் சொல்கிறோமே, அதே நிலைதான்.

உடன்பாடு குலையும்போது தோன்றும் பிழைகள் ஒரே வகையின அல்ல. திரையில் ஒன்றுமே தோன்றாவிட்டால் முதலில் கம்பியைப் பார்க்கவேண்டும். இருபத்தைந்து ஊசி இணைப்பியில், முனையம் 2ஆம் ஊசியில் அனுப்பும், 3ஆம் ஊசியில் பெறும். கணினியும் அதே முறையில் அமைந்திருந்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசுவர், கேட்பவர் எவருமிலர். அப்போது அவ்விரு கம்பிகளையும் குறுக்காக மாற்றவேண்டும். முனையம் நலமா என்று அறிய, கணினியிலிருந்து அதைப் பிரித்து, அதன் 2ஆம் 3ஆம் ஊசிகளை இணைத்துவிட்டுத் தட்டச்சு செய்தால், தட்டிய எழுத்து திரும்பி வந்து திரையில் தோன்றவேண்டும். இத்தனையும் செய்த பிறகு, யாரோ கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையைத் தவறுதலாக அழுத்தியதே காரணம் என்று கண்டதும் உண்டு. அது வெளியீட்டை நிறுத்திவைக்கும். கண்ட்ரோலுடன் கியூ அழுத்தினால் மீண்டும் ஓடும்.

எழுத்துகள் அனைத்துமே குப்பையாக வந்தால், பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை என்று பொருள்.

மூன்றாவது வகையே என்னைத் தலைகுனிய வைத்தது. ஒருநாள் முனையத்தில் சில எழுத்துகள் சரியாகவும் சில பிழையாகவும் வந்தன. முனையம் பழுது என்று எழுதிக் கொடுத்து அறையைவிட்டே அகற்றச் செய்தேன். வேறோர் அறையில் அது குறையின்றி இயங்கியது. பின்னர், பிழையான பக்கத்தை அமைதியாக உட்கார்ந்து படித்தேன். ஆங்கில ஏ, பி, டி எப்போதும் சரியாக இருந்தன. சி, இ, எஃப் எப்போதும் பிழையாக இருந்தன. அது தற்செயல் அன்று, விதி! கணினி, ஏழு பிட் எழுத்துடன் ‘பாரிட்டி’ எனும் சரிபார்ப்புப் பிட்டையும் சேர்த்து அனுப்பியது. ஓர் எழுத்தில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அதை இரட்டைப்படையாக்க எட்டாம் பிட்டும் ஒன்றாகும். முனையமோ எட்டு பிட்டையும் எழுத்தாகவே படித்தது. ஒற்றைப்படை எழுத்துகள் மட்டுமே சிதைந்தன. குறை முனையத்தில் இல்லை. இருபுற அமைப்பும் ஒத்துப்போகாததில் இருந்தது.

அந்த எட்டாம் பிட்டில்தான் நம் தமிழும் இருந்தது. திஸ்கி குறியீட்டில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட எண்களில் வைக்கப்பட்டிருந்தன. ஏழு பிட்டுக்கு அமைந்த இணைப்பு ஒவ்வொன்றிலும் 128ஐக் கழித்துவிடும். அ 171, கழித்தால் 43, அதாவது கூட்டல் குறி. க 184, கழித்தால் 56, எட்டு என்னும் இலக்கம். இது தெரியாமல், தமிழ்ச் சொற்களும் ஆங்கிலப் பொருளும் கலந்த ஒரு கோப்பை அவ்வழியே அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிட்டேன். முழுதும் தமிழாக இருந்த வரிகளை 128ஐக் கூட்டிப் பெரும்பாலும் மீட்டோம். கலந்த வரிகளில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரிக்க இயலவில்லை. கைப்பிரதியைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம்.

ஆசிரியப் பெருமக்களே, இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிட் கோர்டர் என்னும் மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரையில், கற்போரின் பிழைகள் அவர்கள் உள்ளத்தில் உருவாகிவரும் மொழியமைப்புக்குச் சான்று என்று விளக்கினார். ஒரு மாணவன் வாளைப்பளம், கோளி, மளை என்று எழுதுகிறான். மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, பத்து முறை எழுதச் சொல்கிறோம். ஆனால் அவன் ழகரம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ளகரம் எழுதுகிறான்; வேறெங்கும் பிழை செய்யவில்லை. அதுவும் விதியே. அவன் கேட்டு வளர்ந்த பேச்சில் அவ்விரு ஒலிகளும் ஒன்றாகியிருக்கலாம். அவ்வாறாயின் திருத்தம் கையில் தொடங்காது, செவியில் தொடங்கவேண்டும்.

“இவனுக்குத் தமிழ் வராது” என்று சொல்வது எளிது. நல்ல முனையம் ஒன்றை நான் அப்படித்தான் வெளியேற்றினேன். அதை மறுநாளே திரும்பக் கொண்டுவர முடிந்தது. நம் வகுப்பைவிட்டு மனத்தால் விலகிய பிள்ளையை அவ்வளவு எளிதில் திரும்ப அழைக்க இயலாது. ஆகவே, அடுத்த முறை ஏடு திருத்தும்போது, மதிப்பெண் இடுமுன் பிழைகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அவற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறதா என்று தேடுங்கள்.