கடல் கடந்து கற்க ஒரு சான்று



புணே நகரத்தார் பெருமையோடு நினைவுகூரும் பெண்மணிகளுள் ஒருவர் டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி. 1883-ஆம் ஆண்டில், தமது 18-ஆவது வயதில், அவர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்றார். பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயில வேண்டும் என்பது அவர் நோக்கம். அவரிடம் பட்டம் ஏதும் இல்லை. ஆங்கில அறிவை அளந்து சொல்லும் தேர்வுச் சான்றும் இல்லை. இன்று நாம் அறிந்துள்ள பொதுத் தேர்வுகள் அந்நாளில் தோன்றவேயில்லை. அஞ்சல் துறையில் எழுத்தராயிருந்த கணவர் கோபால்ராவ் ஊக்கிக் கற்பித்த கல்வியே அவருக்குக் கைம்முதல்.

புறப்படுமுன் அவர் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில், தாம் ஏன் அமெரிக்கா செல்கிறார் என்பதை ஆங்கிலத்திலேயே எடுத்துரைத்தார். கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தில், தமது படிப்பு நுழைவு விதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தாமற் போகலாம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 22 வயது நிறைவதற்குள், இதே புணேயில் உயிர் நீத்தார்.

அந்த அம்மையாரின் ஆங்கிலத்துக்கு அவருடைய கடிதமே சாட்சியாயிற்று. இன்றோ மாணவர் எழுதும் கடிதம் மட்டும் போதாது. மூன்றாமவர் ஒருவர் அவருக்காகச் சான்று பகர வேண்டும். டோஃபல் தேர்வு 1964-இலும், ஐஈஎல்டிஎஸ் தேர்வு 1989-இலும் நடைமுறைக்கு வந்தன. இத்தேர்வுகளுக்கான கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெற்ற மதிப்பெண்ணோ 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். தொழிற்சாலை ஊதியத்தில் குடும்பம் நடத்துவோர் வீட்டில் இத்தொகை சிறிதன்று. எனவே, தேர்வு எழுதாமலே ஆங்கிலத் தகுதியை மெய்ப்பிக்க வழி உண்டா என்று கேட்பது நியாயமே.

வழி உண்டு. பயிற்றுமொழிச் சான்றிதழ் என்பது அவற்றுள் முதன்மையானது. இன்ன மாணவர் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை எம்மிடம் பயின்றார். பாடம் நடந்ததும் தேர்வு நடந்ததும் ஆங்கிலத்தில்தான் என்று, பயின்ற கல்லூரியோ பல்கலைக்கழகமோ எழுதிக் கொடுப்பது அது. 12-ஆம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தில் பெற்ற மதிப்பெண் மற்றொன்று. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள், அப்பாடத்தில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர்களைத் தனித் தேர்வின்றி ஏற்கின்றன. எந்த வாரியத்தின் சான்று என்பதைப் பொறுத்து இவ்வரம்பு மாறும். சில பல்கலைக்கழகங்கள் தாமே மாணவரை நேர்கண்டு பேசிப் பார்த்து முடிவு செய்வதும் உண்டு.

ஆயினும் இங்கே நாம் மறந்துவிடக் கூடாத செய்தி ஒன்றுள்ளது. கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. ஒன்று பல்கலைக்கழகம், மற்றொன்று விசா வழங்கும் அரசு. முதல் வாயில் திறந்ததனாலேயே இரண்டாவதும் திறந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

பிரிட்டிஷ் அரசு, பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவைச் சேர்க்கவில்லை. ஆனால் பட்டப்படிப்புக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும், அரசின் நம்பிக்கையைப் பெற்ற பல்கலைக்கழகம் மாணவரின் ஆங்கிலத்தைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள இடமளிக்கிறது. பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவில் பொறுப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தையே சாரும். எனினும் தூதரக அதிகாரி நேரில் கேள்வி கேட்பார். ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாவுக்கோ இந்தியக் கல்லூரியின் பயிற்றுமொழிச் சான்று மட்டும் போதாது. ஜெர்மனியில் ஆங்கில வழிப் படிப்புகளுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே, அண்டை வீட்டார் பிள்ளை சென்ற வழியே நம் பிள்ளைக்கும் வழி என்று கொள்ளலாகாது.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகளின் படிப்பு ஒரே ஊரில் முடிவதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பாட்டனார் ஊரில் தமிழ் வழியில். பிறகு இங்கே வந்து ஆங்கில வழியில். கல்லூரி இன்னோர் இடத்தில். பெயரும் ஒரே வடிவில் இருப்பதில்லை. நாம் தந்தையின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் எழுதுகிறோம். மகாராஷ்டிரப் பள்ளிகளிலோ குடும்பப் பெயர் முதலிலும், தன் பெயர் அடுத்தும், தந்தை பெயர் இறுதியிலும் வரும். குடும்பப் பெயர் என்ன என்று எழுத்தர் கேட்டால், அப்படியொன்று இல்லாத நாம் ஊர்ப்பெயரையோ பாட்டனார் பெயரையோ சொல்லி வைக்கிறோம். கடவுச்சீட்டில் அது வேறு வரிசையில் ஏறிவிடுகிறது.

கட்கிப் பகுதியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்கு வந்தவர். மகள் புணேயிலேயே பொறியியல் பட்டம் பெற்றாள். பிரிட்டனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. பயிற்றுமொழிச் சான்று அனுப்பினால் தேர்வு வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். வீட்டில் மகிழ்ச்சி சொல்லி முடியாது. கல்லூரி கொடுத்த தாளை அனுப்பினார்கள். அது திரும்பி வந்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தாள் என்றுதான் அதில் கண்டிருந்தது. எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் நடந்தன என்ற சொல் இல்லை. போதாக்குறைக்கு, கடவுச்சீட்டில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர். தந்தையார் விடுப்பெடுத்துக்கொண்டு கல்லூரிக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் அலைந்தார். திருத்திய தாள் கைக்கு வந்தபோது கெடு கடந்துவிட்டது. அந்தப் பெண் மறு ஆண்டு சென்றாள். ஒரு வரி பிழையால் ஓர் ஆண்டு போயிற்று.

அந்த வரி ஏன் அவ்வளவு முக்கியம்? புணேப் பல்கலைக்கழகம் 1949-இல் தோன்றியது. 2014 முதல் சாவித்திரிபாய் புலே பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே எல்லா மாணவரும் ஒரே மொழியில் பயில்வதில்லை. கலை, வணிகம் போன்ற படிப்புகளில் மராத்தியில் விடை எழுதுவோரும் உள்ளனர். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் பொறியியலையே தமிழ்வழியிலும் தொடங்கியது. தாய்மொழியில் பயில்வது குறைவன்று. நாம் பெருமைப்பட வேண்டியதே. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொண்டே மாணவர் பயின்ற மொழியை அயல்நாட்டார் அறிய முடியாது. இந்த மாணவர், இந்தப் பட்டத்தை, எந்த மொழியில் பயின்றார் என்பதைத் தெளிவாகக் கேட்பது அதனால்தான்.

ஆகவே பெற்றோர்களே, இறுதி ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே இவ்வேலையைத் தொடங்குங்கள். முதலில், சேர விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எவ்வகைச் சான்றை ஏற்பீர்கள், யார் கையொப்பம் வேண்டும் என்று கேளுங்கள். வாய்மொழியாக யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்; எழுத்தில் வரும் விடையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கல்லூரியை அணுகுங்கள். தாள் கல்லூரியின் அச்சிட்ட முகப்புடன் இருக்கட்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே அமையட்டும். பதிவு எண், பட்டம், பயின்ற ஆண்டுகள், பயிற்றுமொழியும் தேர்வுமொழியும் ஆங்கிலம் என்ற வாசகம், கையொப்பம், முத்திரை, தேதி, சரிபார்ப்பதற்கான கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி, இத்தனையும் உள்ளனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். விசா விதியை அந்நாட்டு அரசின் அறிவிப்பிலேயே பாருங்கள். அது அடிக்கடி மாறும்.

பணம் கொடுத்தால் எந்தச் சான்றும் வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்த்தாள் ஒன்று அகப்பட்டால், இடம் போவதோடு முடியாது. பின்னர் விசா கேட்கும்போதெல்லாம் அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. சான்று, தேர்விலிருந்துதான் விலக்களிக்கும், ஆங்கிலத்திலிருந்து விலக்களிக்காது. அங்கே விரிவுரை கேட்பதும், குறிப்பெடுப்பதும், கட்டுரை எழுதுவதும் ஆங்கிலத்தில்தான். பிள்ளையால் அதைச் செய்ய இயலுமா என்பதை வீட்டிலேயே நேர்மையாக எண்ணிப் பாருங்கள். இயலாதென்று தோன்றினால், ஆறு திங்கள் பயின்று தேர்வையே எழுதுவது இழுக்கன்று.

ஆனந்திபாய் தம்மிடம் இருந்ததைச் சொன்னார். இல்லாததையும் மறைக்காமல் சொன்னார். காலம் மாறித் தாள்கள் பெருகிவிட்டன. ஆனால் அந்தத் தாள்களும் கேட்பது அதே உண்மையைத்தான். அதை உரிய காலத்தில், உரிய வடிவில் கொடுத்துவிட்டால், நம் பிள்ளைகளின் ஓர் ஆண்டு வீணாகாது.