பழைய கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு
(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் அல்ல. அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆகவே, தெரிந்தவர் தெரியாதவர்களுக்குச் சொல்லும் உரையாக இதைக் கொள்ள வேண்டாம். தவறு செய்து கற்றுக்கொண்ட ஒருவர், அதே தவறை நீங்கள் செய்யாமல் இருக்கச் சொல்வதாகக் கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர், தம் அலுவலகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கிய மேசைக் கணினி ஒன்றைக் கொடுத்தார். இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம். அதை அறிவியல் ஆய்வகத்தில் வைத்துப் புரொஜெக்டருடன் இணைத்தோம். பத்தாம் வகுப்பில் இரத்த ஓட்டப் பாடம். இதயத்தின் முப்பரிமாண மாதிரியைத் திரையில் சுழற்றிக் காட்டலாம் என்று பிளெண்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். அது திறக்கவே இல்லை. சரி, காணொலியாவது காட்டுவோம் என்றால், முழுத்திரையில் படம் நின்று நின்று ஓடியது. கடைசி பெஞ்சில் சிரிப்பு. எப்போதும் கேள்வி கேட்கும் ஒரு மாணவி, "பரவாயில்லை சார், புக்குலயே பார்த்துக்கிறோம்" என்றாள். சிரிப்பைவிட அந்தப் 'பரவாயில்லை'தான் என்னை உறுத்தியது.

முதலில் நோய் எது என்று அறிய வேண்டும். கணினி மெதுவாக இருந்தால் உடனே கார்டு வாங்கக் கூடாது. ஆன் செய்து திரை வர ஐந்து நிமிடம் ஆகிறதா? குறை பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கும். எஸ்எஸ்டி மாற்றினால் போதும். நாலைந்து சாளரங்களைத் திறந்ததும் திணறுகிறதா? நினைவகத்தைக் கூட்டுங்கள். மற்ற வேலைகளெல்லாம் சரியாக நடந்து, முப்பரிமாணப் படமும் காணொலியும் மட்டும் தடுமாறினால்தான் கிராபிக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

எங்கள் கணினியின் குறை அதுதான். 2019இல் வந்த பிளெண்டர் 2.80 பதிப்பிலிருந்து, குறைந்தது ஓப்பன்ஜிஎல் 3.3 என்ற வரைகலைத் தரம் கட்டாயம். எங்கள் செயலிக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 2000 கிராபிக்ஸ், விண்டோஸில் 3.1 வரைதான் தரும். மென்பொருளை எத்தனை முறை நிறுவினாலும் திறக்காது. இணையக் காணொலிகள் பல விபி9 என்ற முறையில் சுருக்கப்பட்டு வருகின்றன. அதை விரித்துக் காட்டும் வசதி அந்தப் பழைய கிராபிக்ஸில் இல்லாததால், முழுப் பாரமும் செயலியின் தலையில் விழுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள்கூட ஐம்பது, நூறு என்று கொடுத்தார்கள். மொத்தம் 5,600 ரூபாய். அந்தப் பணத்தில் ஜிடி 1030 என்ற கார்டை வாங்கினேன்.

வாங்கும் முன் சில செய்திகளைச் சரிபார்த்தேன். மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 என்ற நீண்ட ஸ்லாட் இருந்தது. புதிய தலைமுறைக் கார்டும் பழைய தலைமுறை ஸ்லாட்டில் வேலை செய்யும். அடுத்தது மின்சாரம். அந்த ஸ்லாட் வழியே அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். ஜிடி 1030க்கு 30 வாட் போதும். தனி மின்கம்பி தேவையில்லை. 75 வாட்டுக்கு மேல் எடுக்கும் பெரிய கார்டுகளுக்குத் தனி இணைப்பு வேண்டும். பழைய பவர் சப்ளை அவற்றைத் தாங்காமல் போகலாம். இன்னொன்று: இதே பெயரில் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என இரண்டு வகை நினைவகத்துடன் கார்டுகள் உண்டு. டிடிஆர்4 வகை வேகம் குறைந்தது. அட்டைப்பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கணினிப் பெட்டி ஒல்லியானதாக இருந்தால், உயரம் குறைந்த 'லோ புரொஃபைல்' கார்டு கேளுங்கள்.

பொருத்துவது கடினமில்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றினேன். பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கினேன். கார்டை நேராக அழுத்தியதும் ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி 'டக்' என்று பூட்டியது. ஒரு திருகாணி. அவ்வளவுதான்.

ஆன் செய்தேன். விசிறி சுழன்றது. திரை கறுப்பு.

மூன்று முறை கழற்றி மாட்டினேன். அதே கறுப்பு. கார்டை எரித்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். அந்தத் தாய்மார்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நின்றிருந்தபோது, கணினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த அதே மாணவி கேட்டாள்: "சார், புது கார்டுல தனியா ரெண்டு ஓட்டை இருக்கே. ஒயரு பழைய இடத்துலயே இருக்கு?"

மானிட்டர் கம்பியை நான் மதர்போர்டிலேயே விட்டிருந்தேன். கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகள் பழைய வழியைத் தாமே அடைத்துவிடும். படம் கார்டு வழியாகத்தான் வரும்.

அங்கே இன்னொரு சிக்கல். எங்கள் மானிட்டரும் புரொஜெக்டரும் விஜிஏ. கார்டில் இருந்தவை எச்டிஎம்ஐயும் டிவிஐ-டியும் மட்டுமே. எல்லாவற்றையும் சரிபார்த்த நான், பின்னால் உள்ள துளைகளைப் பார்க்கவில்லை. கடையில் கேட்டதற்கு ஒரு சிறு டிவிஐ இணைப்பானைக் கொடுத்தார்கள். அது பொருந்தவே இல்லை. டிவிஐ-டியில் இலக்கமுறைச் சைகை மட்டுமே உண்டு. விஜிஏவுக்குத் தொடர்முறைச் சைகை வேண்டும். வெறும் இணைப்பான் அதை மாற்றாது. உள்ளே மின்சுற்று உள்ள எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். அதற்கு 350 ரூபாய். என் கவனக்குறைவுக்கான தொகை என்பதால் நானே செலுத்தினேன்.

டிரைவர் மென்பொருளை நிறுவியதும் இதயம் திரையில் சுழன்றது. "வலது வென்ட்ரிக்கிளை விட இடதுக்குச் சுவர் ஏன் சார் தடிமனா இருக்கு?" என்று அந்த மாணவி கேட்டாள். அவளிடமிருந்து கேள்வி திரும்பி வந்துவிட்டது.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ரசீதையும் கார்டின் பெட்டியையும் மேசைமேல் வைத்து, என் தவறையும் சேர்த்தே சொன்னேன். மாணவி மாதிரியைச் சுழற்றி விளக்கினாள். ஒரு தாய், "எங்க காசு எந்தப் பொட்டிக்குள்ள இருக்கு, காட்டும்மா" என்று எழுந்து வந்து பார்த்தார்.

நண்பர்களே, நிறைவாக இரண்டு வேண்டுகோள். உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ள கணினியை நாமாகத் திறக்கக் கூடாது. மற்ற கணினியில் மாற்றம் செய்வதானாலும், தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, புதிய பாகத்தை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பொருத்துங்கள். அப்போது மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் பார்க்கத் தவறும் துளை அவர்கள் கண்ணில் படும்.