கிருஷ்ணனும் துணைவரும்

ஆம்பூரில் உருவாகும் ஒரு ஜோடு காலணியில் தோல் பதனிட்டவர், வெட்டியவர், தைத்தவர் எனப் பலருடைய கைகள் உண்டு. கடையில் விளங்குவதோ ஒரே பெயர். கூடைப்பந்தாட்டத்திலும் பந்தைக் கூடையில் இட்டவரைப் போற்றுகிறோம். அதை அவர் கைக்குச் சேர்த்தவரை மறந்துவிடுகிறோம். டென்னிஸ் தனியொருவர் ஆட்டமாயிற்றே, அங்குமா இந்நிலை என்று மாணவ நேயர்கள் வினவலாம்.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவும் பிரேசிலும் மோதின. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது வெற்றி இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டத்தில் நம் ராமநாதன் கிருஷ்ணன், தோமாஸ் கோக்கிடம் தோல்வியின் விளிம்புவரை சென்று மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டிற்று.

இவ்வெற்றியைப் பாராட்டாதார் இலர். எனினும் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒற்றையர் ஆட்டம் இரண்டே; கிருஷ்ணனுடைய இரண்டில் ஒன்று இந்த ஐந்தாவது ஆட்டம். ஆகவே அதற்குமுன் கிட்டிய இரு வெற்றிகளில் ஒன்றிலேனும் வேறொருவரின் மட்டையும் உழைத்திருத்தல் வேண்டுமன்றோ!

அடுத்து மெல்போர்ன். ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. நமக்குக் கிடைத்த அந்த ஒன்று இரட்டையர் ஆட்டம். கிருஷ்ணனும் கல்கத்தாவின் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, 1965-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்தினர். முகர்ஜியின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியைக் கிருஷ்ணன் எட்டிய புகழ் அவருக்கே உரியது. அதில் எவருக்கும் பங்கில்லை. மெல்போர்னிலோ அவருடைய ஒற்றையர் ஆட்டங்கள் இரண்டும் தோல்வியே.